பொம்மை சாகும்போது ஏன் சிரிப்பு வருகிறது?

ஒருவன் மாடியிலிருந்து தவறி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கையால் வரைந்த கார்ட்டூனில் என்றால் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்வான், அடுத்த நொடியே உதறிக்கொண்டு எழுந்து ஓடுவான். பார்ப்பவர் யாருக்கும் கவலை இல்லை. நடிகரை வைத்து எடுத்த படத்தில் அதே காட்சி அடிவயிற்றைக் கலக்கும்; அதில் சிரிப்பை வரவழைக்க இயக்குநர் பெரும்பாடு பட வேண்டும். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷன் படத்திலோ ஒரு சாண் உயரப் பொம்மை விழுகிறது. அதற்கு எடை இருக்கிறது, தரையில் நிழல் விழுகிறது, சட்டையில் நிஜத் துணியின் மடிப்பு தெரிகிறது. ஆனால் உள்ளே ரத்தமும் சதையும் இல்லை என்பது நமக்குத் தெரியும். ‘ஐயோ’ என்று வாயெடுக்கிறோம்; அது முடிவதற்குள் சிரித்துவிடுகிறோம்.

அந்த ‘ஐயோ’வுக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில்தான் டார்க் காமெடி குடியிருக்கிறது. சாவு, தனிமை, மனநோய், கொடுங்கோல் என்று சிரிக்கக் கூடாத விஷயங்களை எடுத்துக்கொண்டு சிரிக்க வைக்கும் ஸ்டாப் மோஷன் படங்கள் நூறு வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கின்றன. குழந்தைகளுக்கான பொம்மை சமாச்சாரம் என்று தோன்றுகிற ஒரு கலை ஏன் திரும்பத் திரும்ப இந்தப் பக்கமே சாய்கிறது? எடுப்பவர்களின் குணம் அப்படி என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. அங்கே நடிப்பவை எல்லாம் ஏற்கெனவே உயிரற்றவை. சாவைப் பற்றிய நகைச்சுவைக்கு இதைவிடப் பொருத்தமான நடிகர்கள் கிடைக்க மாட்டார்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொம்மைக்குள் உலோகத்தால் ஆன எலும்புக்கூடு இருக்கும். தோள், முழங்கை, இடுப்பு எல்லாவற்றிலும் பந்துக்கிண்ண மூட்டுகள். அதன் மேல் சிலிக்கோன், நுரை ரப்பர், பிளாஸ்டிசின் களிமண் என்று ஏதாவது ஒன்று. பொம்மை குப்புற விழாமலிருக்க மேசைக்கு அடியிலிருந்து அதன் பாதத்தில் திருகாணி முடுக்குவார்கள். கையை ஒரு மயிரிழை நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி நகர்த்து, மறுபடி எடு. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம் வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 12 தடவை பொம்மையைத் தொட வேண்டும். ஒரு நாள் முழுக்க நின்றால் ஓர் அனிமேட்டருக்குச் சில நொடிகள் தேறும், அவ்வளவுதான்.

இந்தக் கலையின் தொடக்க காலமே கொஞ்சம் விபரீதமானது. மாஸ்கோவில் போலந்துப் பெற்றோருக்குப் பிறந்த விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் பூச்சிகள் மேல் பைத்தியமாக இருந்தவர். இன்றைய லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தார். 1910 வாக்கில், கொம்பு வண்டுகள் இரண்டு சண்டையிடுவதைப் படம் பிடிக்க முயன்றார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் அசைவற்றுக் கிடந்தன. சரி, உயிருள்ள வண்டு ஒத்துழைக்கவில்லை என்றால் செத்த வண்டை நடிக்க வைப்போம் என்று முடிவெடுத்தார். கால்களைக் கழற்றி, கம்பியும் மெழுகும் வைத்து மறுபடி பொருத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினார்.

அதில் ருசி கண்ட பிறகு 1912இல் அவர் எடுத்த படம் ‘ஒளிப்பதிவாளரின் பழி’. சுமார் 13 நிமிடம். வண்டுக் கணவர் வேலை விஷயமாக நகரத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, அங்கே ஒரு தும்பி நடனக்காரியோடு விடுதியில் அறை எடுக்கிறார். அவளிடம் ஏற்கெனவே ஆசை வைத்திருந்த வெட்டுக்கிளி ஒரு சினிமா ஒளிப்பதிவாளர். சாவித் துவாரம் வழியாக எல்லாவற்றையும் படம் பிடித்துவிடுகிறது. வண்டு வீடு திரும்பினால் மனைவி ஓர் ஓவியனோடு இருக்கிறாள். கணவர் கொதித்தெழுந்து, பெருந்தன்மையாக மன்னித்து, அவளைச் சினிமாவுக்கு அழைத்துப் போகிறார். அங்கே திரையில் ஓடுவது அவருடைய வண்டவாளம். மனைவி குடையை எடுத்து வெளுக்கிறாள், படம் ஓட்டும் அறை தீப்பிடிக்கிறது, கடைசியில் இருவரும் சிறையில்.

கதை என்னவோ சாதாரணக் கள்ளக்காதல் கேலிக்கூத்துதான். மனிதர்கள் நடித்திருந்தால் அந்தக் காலத்து நூறு படங்களோடு இதுவும் மறந்து போயிருக்கும். இதில் மனைவியை மன்னிக்கிற அந்தப் பெரிய மனிதர் ஒரு வண்டின் பிணம். அவர் தொப்பியும் கையுமாக நடப்பதைப் பார்க்கும்போது, மனிதர்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் கௌரவம் எவ்வளவு மெல்லிசான ஓடு என்பது ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் புரிந்துவிடுகிறது. படம் பார்த்தவர்களில் சிலர், நிஜப் பூச்சிகளுக்குத்தான் யாரோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பினார்களாம்.

அதே காலத்தில் வேறு சிலர் இதையொட்டிய கேள்விகளைப் புத்தகங்களில் அலசிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உயிருள்ள ஒருவன் இயந்திரம் மாதிரி நடந்துகொள்ளும்போது சிரிப்பு பிறக்கிறது என்பது அவர் வாதம். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறவன், அந்தக் கணத்தில் சுதாரிக்கத் தெரியாத ஒரு பொருளாக மாறிவிடுகிறான், அதனால் சிரிக்கிறோம். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் 1906இல் இதன் மறுபக்கத்தைத் தொட்டார். உயிரில்லாத ஒரு பொருளுக்கு உயிர் இருக்குமோ என்ற சந்தேகம் எழும்போது நமக்குள் ஒரு நடுக்கம் வருகிறது என்றார். 1919இல் ஃபிராய்டு அதைப் பிடித்துக்கொண்டு தன் பாணியில் வேறு பக்கம் கொண்டுபோனார்.

பெர்க்சன், யென்ட்ஷ் இருவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும். உயிர் பொருளாக மாறினால் சிரிப்பு. பொருள் உயிராக மாறினால் பயம். ஸ்டாப் மோஷனில் இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பொம்மை எழுந்து நடக்கும்போது பொருள் உயிராகிறது. நடை கொஞ்சம் வெட்டி வெட்டி வருவதால் அந்த உயிர் மறுபடி பொருளாகத் தெரிகிறது. ஒவ்வொரு ஃபிரேமும் அசையாத பொம்மையின் புகைப்படம் என்பதால், ஓடும் மனிதனைப் படம் பிடித்தால் வரும் மங்கல் இங்கே வராது. கண் அதைக் கவனித்துவிடுகிறது. என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்பது மட்டும் உறைக்கிறது. பயமும் சிரிப்பும் ஒரே நரம்பை மீட்டுகின்றன.

இதையே எடுத்துக்கொண்டு உலகத்தில் உள்ளவர்களை எல்லாம் சிரிக்க வைத்தது ஒரு பென்குயின். பிரிட்டனின் ஆர்ட்மன் ஸ்டுடியோவில் நிக் பார்க் இயக்கிய ‘தி ராங் டிரவுசர்ஸ்’ 1993இல் வந்தது. அரை மணி நேரப் படம், ஆஸ்கர் வாங்கியது. வாலஸ் என்பவரும் அவருடைய நாய் க்ரோமிட்டும் இருக்கும் வீட்டுக்கு வாடகைக்கு வரும் பென்குயின் ஃபெதர்ஸ் மெக்ராவுக்கு வாய் இல்லை, புருவம் இல்லை, பேச்சு இல்லை. இருப்பது இரண்டு கறுப்பு மணிக் கண்கள் மட்டும். அது ஒரு வைரத் திருடன். சிவப்பு ரப்பர் கையுறையைத் தலையில் மாட்டிக்கொண்டால் கோழி என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

இந்தப் பென்குயின் ஏன் இத்தனை பயங்கரமாகவும் இத்தனை வேடிக்கையாகவும் இருக்கிறது என்பதற்குத் தொழில் சார்ந்த ஒரு காரணம் உண்டு. ஸ்டாப் மோஷனில் பொம்மை அசையாமல் நிற்பது ஆபத்து. மனித நடிகர் சும்மா நின்றாலும் மூச்சு ஏறி இறங்கும், இமை துடிக்கும். பொம்மை நின்றால் நின்றதுதான். இரண்டு நொடி அப்படியே விட்டால் உயிர் போய்விட்டது என்று பார்ப்பவர் மனதில் பட்டுவிடும். அதனால் நல்ல அனிமேட்டர்கள் நிற்கிற பொம்மையையும் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். ஃபெதர்ஸ் விஷயத்தில் அந்த விதியைத் தலைகீழாக்கினார்கள். மற்றவர்கள் துடித்துக்கொண்டிருக்க, அது மட்டும் ஒரு குப்பியை நட்டு வைத்தது மாதிரி நிற்கிறது. அந்த அசைவின்மை சாவின் சாயல் கொண்டது. அதே அசைவின்மைதான் முகத்தில் எதையும் காட்டாமல் ஜோக் சொல்கிறவரின் அசைவின்மையும். ஆர்ட்மன் பொம்மைகளின் கண்மணி நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைக் குத்தித்தான் பார்வையைத் திருப்புவார்கள். க்ரோமிட்டுக்கும் வாய் கிடையாது. முதலில் வாயும் குரலும் கொடுப்பதாக இருந்தது. புருவத்தை லேசாக நகர்த்தினாலே நாய் நினைப்பது எல்லாம் தெரிகிறது என்று கண்டுகொண்ட பிறகு அதை விட்டுவிட்டார்கள். முகபாவம் விலை உயர்ந்த சரக்காக இருக்கும் இடத்தில் சிக்கனமே நகைச்சுவை ஆகிவிடுகிறது.

2000இல் ஆர்ட்மன் எடுத்த ‘சிக்கன் ரன்’ இன்னும் துணிச்சலானது. நிக் பார்க்கும் பீட்டர் லார்டும் இயக்கினார்கள். கோழிப்பண்ணையைப் போர்க்கைதி முகாமாகக் காட்டியிருப்பார்கள்: முள்வேலி, வரிசைக் கொட்டகை, தினசரி முட்டைக் கணக்கு. முட்டையிடாத எட்வினாவை இழுத்துப்போகிறார்கள். கோடாரி ஓங்கும் நிழல் சுவரில் விழுகிறது. மற்றக் கோழிகள் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எந்நேரமும் பின்னல் ஊசியோடு இருக்கும் பேப்ஸ் என்ற கோழிக்கு மட்டும் எதுவும் விளங்குவதில்லை. யாராவது காணாமல் போனால் விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்ளும். கேட்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது. எதற்குச் சிரித்தோம் என்று யோசித்தால் தொண்டை அடைக்கிறது. கூட்டம் கூட்டமாகக் கொன்று ‘பை’ என்ற இறைச்சிப் பலகாரமாக்கும் இயந்திரம் வரை போகும் இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ஜி சான்று. பிளாஸ்டிசின் என்றால் தணிக்கையாளர்கள்கூட மயங்கிவிடுகிறார்கள் போல.

ஆனால் எல்லா நாட்டிலும் மயங்கவில்லை. பொம்மைப் படத்துக்கு மிக ஆழமான வேர் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் அதிகாரிகள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். யிரி த்ருன்கா 1965இல் எடுத்த ‘கை’ 18 நிமிடப் படம். ஒரு குயவர் தன் அறையில் செடியோடு நிம்மதியாக இருக்கிறார். அதற்குத் தொட்டி செய்வதுதான் அவருக்கு உலகம். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரிய கை உள்ளே வருகிறது. பொம்மைக் கை அல்ல, நிஜ மனிதக் கை, உறை மாட்டிய கை. தொட்டியைப் பிசைந்து ஒரு கைச் சிலையாக்கு என்கிறது. அவர் மறுக்கிறார். கெஞ்சல், பரிசு, மிரட்டல் எல்லாம் தீர்ந்த பிறகு அவரைக் கூண்டில் போட்டு, உடம்பில் நூல் கட்டி ஆட்டி வைத்து, தன் சிலையைச் செதுக்க வைக்கிறது. அவர் தப்பித்து வீட்டுக்கு ஓடி வந்து கதவு ஜன்னலை எல்லாம் பலகை வைத்து அடைக்கிறார். அப்போது அலமாரி உச்சியில் இருந்த பூந்தொட்டி அவர் தலையில் விழுகிறது. செத்துப் போகிறார். கொன்றது கை அல்ல, அவருடைய தொட்டி. அப்புறம் அதே கை வந்து அலமாரியையே சவப்பெட்டியாக்கி, பதக்கம் குத்தி, அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறது.

கசப்பான சிரிப்பு என்றால் இதுதான். இங்கே செய்முறையும் கதையும் ஒன்றாகிவிடுவதைப் பாருங்கள். எல்லாப் பொம்மைப் படத்திலும் திரைக்கு வெளியே ஒரு கை இருக்கிறது. பொம்மையின் ஒவ்வொரு அசைவும் அதன் விருப்பம். த்ருன்கா அந்தக் கையை ஃபிரேமுக்குள் இழுத்துப் போட்டுவிட்டார். இது அவருடைய கடைசிப் படம். 1969இல் அவர் இறந்தார்; படம் தடைசெய்யப்பட்டு ஏறத்தாழ இருபது வருடம் முடங்கிக் கிடந்தது.

அவருக்கு அடுத்த தலைமுறையில் யான் ஷ்வாங்க்மாயர். 1970களில் அவரையும் பல வருடம் படம் எடுக்க விடவில்லை. 1982இல் அவர் எடுத்த ‘உரையாடலின் பரிமாணங்கள்’ மறு வருடம் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடியை வென்றது. அதன் கடைசிப் பகுதியில் இரண்டு களிமண் தலைகள் மேசையில் எதிரெதிராக இருக்கின்றன. ஒன்று வாயிலிருந்து பல்துலக்கும் பிரஷை நீட்டுகிறது. மற்றது பேஸ்ட்டைப் பிதுக்குகிறது. ஒன்று ரொட்டி, மற்றது வெண்ணெய். ஒன்று பென்சில், மற்றது துருவி. எல்லாம் ஒத்துப்போகிறது. கொஞ்ச நேரத்தில் வரிசை குழம்புகிறது. பேஸ்ட் பென்சில் மேல், வெண்ணெய் ஷூ மேல், துருவிக்குள் ரொட்டி. நிறுத்தவும் தெரியாமல் இரண்டும் நீட்டிக்கொண்டே இருந்து, கடைசியில் மூச்சு வாங்கி, விரிசல் விட்டு உருக்குலைகின்றன. ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஏறாத எந்தக் கூட்டத்திலாவது உட்கார்ந்திருந்தவருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஷ்வாங்க்மாயரிடம் பொம்மை என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. இறைச்சித் துண்டு, கரண்டி, காலணி எதுவானாலும் போதும், அதற்குள் இருக்கிற துஷ்டத்தனத்தை வெளியே எடுத்துவிடுவார்.

ஹாலிவுட்டில் கதை வேறு வழியில் போனது. அங்கே ஸ்டாப் மோஷனுக்கு நெடுங்காலம் இருந்த வேலை நிஜம் மாதிரி ஏமாற்றுவது. 1933இன் ராட்சதக் குரங்கு, 1963இல் ரே ஹாரிஹாசன் வாளோடு எழுப்பிய எலும்புக்கூடுகள் எல்லாம் அந்த வகை. 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்களை முதலில் ஃபில் டிப்பெட்டின் குழு இந்த முறையில்தான் செய்வதாக இருந்தது. கணினி வரைகலைச் சோதனையைப் பார்த்ததும் திட்டம் மாறிவிட்டது. நானும் அழிந்துபோன இனம்தான் என்று டிப்பெட் சொன்னார். அந்த வசனம் படத்திலேயே சேர்ந்துவிட்டது.

தொழில் போயிற்று. ஆனால் அதே 1993இல்தான் அந்தப் பென்குயினும் வந்தது, ஹென்றி செலிக் இயக்கிய ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படமும் வந்தது. ஏமாற்ற வேண்டிய கட்டாயம் நீங்கியதும் இந்தக் கலை தன் செயற்கைத்தனத்தை ஒளிக்காமல் முன்னே வைத்தது. டிம் பர்ட்டனின் கதை அது. ஜாக் என்ற எலும்புக்கூடு கிறிஸ்துமஸைக் கடத்தி, நல்லெண்ணத்தோடுதான், குழந்தைகளுக்கு வெட்டுண்ட தலையும் பாம்பும் பரிசாக அனுப்புகிறது. ஜாக்குக்கு ஏறத்தாழ 400 தலைகள் செய்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகபாவம். குழு முழுவதும் சேர்ந்து உழைத்தும் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் தேறியது. இது குழந்தைகளுக்கு ரொம்ப இருட்டு என்று பயந்த டிஸ்னி, தன் பெயரைப் போடாமல் தன் துணை நிறுவனமான டச்ஸ்டோன் பெயரில் வெளியிட்டது. இன்று அதே ஜாக்கின் முகம் பதித்த சட்டையையும் குவளையையும் டிஸ்னிதான் விற்கிறது.

இந்த வெற்றிக்கு ஒரு பக்க விளைவு உண்டு. முறுக்கிய மரம், கோடு போட்ட கால்சட்டை, மண்டையோடு என்று இருட்டு ஓர் அலங்காரமாகிவிட்டது. பர்ட்டனே மைக் ஜான்சனோடு சேர்ந்து இயக்கிய ‘கார்ப்ஸ் பிரைட்’ (2005) படத்தில் உயிரோடிருப்பவர்களின் ஊர் சாம்பல் நிறம், செத்தவர்களின் ஊர் வண்ணமும் ஜாஸ் இசையுமாகக் கொண்டாட்டம். யோசனை அருமை. பொம்மைகளின் தலைக்குள் பற்சக்கரம் வைத்து, காது வழியாகச் சின்னச் சாவி விட்டுத் திருகி முகபாவத்தை மாற்றியிருக்கிறார்கள், வேலைப்பாடு அசத்தல். ஆனால் படம் முடிந்த பிறகு கண்ணில் நிற்பது உடைதான், சாவு அல்ல. அதில் யாரும் செத்ததற்காக நாம் வருந்துவதில்லை. ‘ஐயோ’ இல்லாத இடத்தில் சிரிப்பும் பாதிதான்.

‘ஐயோ’வை முழுசாகக் கொடுக்கிறவர் ஆஸ்திரேலியாவின் ஆடம் எலியட். என்னைக் கேட்டால் இந்த வகையில் இன்று அவருக்கு மேல் ஆளில்லை. அவருடைய பொம்மைகள் அழகாக இருக்காது. உருளைக்கிழங்குத் தலை, துறுத்திய கண், தொங்கிய முகம். 2003இல் வந்த ‘ஹார்வி க்ரம்பெட்’ 23 நிமிடத்தில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கை: நரம்புக் கோளாறு, மின்னல் தாக்குதல், புற்றுநோய், மறதி என்று ஒன்று விடாமல் வந்து சேரும். ஜெஃப்ரி ரஷ் வானிலை அறிக்கை வாசிக்கும் நிதானத்தில் கதை சொல்வார். ஆஸ்கர் கிடைத்தது.

2009இல் அவருடைய முதல் முழுநீளப் படம் ‘மேரி அண்ட் மேக்ஸ்’. 57 வாரப் படப்பிடிப்பு. மேக்ஸ் கடிதம் அடிக்கும் குட்டித் தட்டச்சுப் பொறியை வடிவமைத்துச் செய்து முடிக்க மட்டும் 9 வாரம். 1976இல் மெல்போர்னில் இருக்கும் எட்டு வயது மேரி, தொலைபேசிப் புத்தகத்தில் கண்ணில் பட்ட ஒரு பெயருக்குக் கடிதம் எழுதுகிறாள். நியூயார்க்கில் அதைப் பெறுகிற மேக்ஸுக்கு 44 வயது, ஆட்டிசம் சார்ந்த ஆஸ்பெர்கர் நிலை உள்ளவர், நண்பர்கள் இல்லை. மேரியின் உலகம் பழுப்பு, மேக்ஸின் உலகம் கறுப்பு வெள்ளை. மேரியின் அப்பாவுக்குத் தேநீர்ப் பைகளில் நூல் கட்டும் வேலை. ஓய்வு நேரத்தில் செத்த பறவைகளைப் பாடம் பண்ணுவார். அம்மாவுக்குக் குடி. ஒரு நாள் சமையலுக்கான ஷெர்ரி மது என்று நினைத்து, பாடம் பண்ணும் திரவத்தைக் குடித்துச் செத்துப்போகிறாள். மேக்ஸ் வீட்டு ஏசி கீழே விழுந்து ஓர் ஊமைக்கூத்துக் கலைஞரின் உயிரை வாங்குகிறது. இவ்வளவும் ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லப்படுகிறது.

பட்டியலாகச் சொன்னால் கொடூரமாக இருக்கிறது. படத்தில் நடப்பது வேறு. ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். வளர்ந்த மேரி எல்லாம் இழந்து, உயிரை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து நிற்கிறாள். பின்னணியில் இனிமையான பழைய பாட்டு ஒன்று. அதே நேரத்தில் வாசலில் எதிர்வீட்டு லென். போரில் கால்களை இழந்தவர். வீட்டு வாசலைத் தாண்டினாலே நடுங்குகிற மனநோய் அவருக்கு. மேக்ஸிடமிருந்து வந்த பார்சலைக் கொடுக்க, எத்தனையோ வருடம் கழித்து முதல் தடவையாகத் தெருவைக் கடந்து வந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே கேட்குமா? சக்கர நாற்காலியில் திக்கித் திணறி வந்து சேர்ந்த லென்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. கதவு திறக்குமா என்ற பதைப்பில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் இந்தக் காட்சி ஒன்று தாங்க முடியாததாக ஆகியிருக்கும், இல்லாவிட்டால் மலிவான அழுகைக் காட்சியாக. களிமண்ணில் மட்டும் இரண்டுக்கும் நடுவே நிற்க முடிகிறது. பொம்மையின் கஷ்டத்தை நாம் கூச்சமில்லாமல் உற்றுப் பார்க்கிறோம். உற்றுப் பார்த்த பிறகுதான் அது மனிதக் கஷ்டம் என்று உறைக்கிறது.

2024இல் வந்த அவருடைய ‘மெமோயர் ஆஃப் எ ஸ்நெய்ல்’ பிரான்ஸின் அன்னெசி அனிமேஷன் விழாவின் உயர்ந்த விருதைப் பெற்றது. நத்தை பொம்மைகளைச் சேர்த்துக்கொண்டு உலகத்திலிருந்து ஒதுங்கிவிடும் கிரேஸின் கதை. அதில் துயரங்கள் கொஞ்சம் அதிகமாகவே அடுக்கப்படுகின்றன என்று தோன்றியது. ஒரு கட்டத்துக்கு மேல் அடுத்து யார் சாகப்போகிறார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம்.

விரிசலை மறைக்காமல் விடுவது இன்னொரு உத்தி. இப்போதெல்லாம் முகங்களை முப்பரிமாண அச்சில் எடுத்து, புருவப் பகுதி தனி, வாய்ப் பகுதி தனி என்று மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள். 2009இன் ‘கோரலைன்’தான் முழுநீளப் படத்தில் இதை முதலில் செய்தது. இரண்டு துண்டும் சேரும் இடத்தில் தெரிகிற கோட்டைக் கணினியில் அழித்துவிடுவது வழக்கம். சார்லி காஃப்மனும் டியூக் ஜான்சனும் 2015இல் எடுத்த ‘அனோமலிசா’வில் அந்தக் கோட்டை அப்படியே விட்டார்கள். வாடிக்கையாளரிடம் கனிவாகப் பேசுவது எப்படி என்று புத்தகம் எழுதிய ஒருவர் ஒரு ஹோட்டலில் தங்குகிறார். அவருக்கு மனிதர்களோடு ஒட்டவே ஒட்டாது. ஒரே ஒரு பெண்ணைத் தவிர அவர் சந்திக்கும் அத்தனை பேருக்கும் ஒரே முகம், ஒரே ஆண் குரல். மனைவி, மகன் உட்பட. ஒரு கனவில் அவருடைய முகத்தின் கீழ்ப்பாதி கழன்று கையில் விழுகிறது. அந்த வாய் கையில் இருந்தபடியே பேசுகிறது. பொம்மையின் தொழில்நுட்ப விவரம் ஒன்று அப்படியே ஒரு மனிதனின் மனச்சிதைவாக மாறும் இடம் அது. சிரித்தேன், உடனே என் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இவற்றைக் குழந்தைகள் பார்க்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். ‘அனோமலிசா’வுக்கும் எலியட்டின் படங்களுக்கும் பதில் சுலபம், கூடாது. பொம்மை என்பதால் குடும்பத்தோடு உட்கார்ந்து சங்கடப்பட்டவர்கள் நிறைய பேர். ‘கோரலைன்’ மாதிரிப் படங்களில்தான் சுவாரசியம். கண்ணைப் பிடுங்கிப் பொத்தான் தைக்கக் காத்திருக்கும் இன்னொரு அம்மா அதில் வருகிறாள். மூலக் கதையை எழுதிய நீல் கெய்மன் பல தடவை சொன்ன ஒரு விஷயம்: குழந்தைகள் அதை ஒரு சாகசக் கதையாகப் படிக்கிறார்கள், கெட்ட கனவு வருவது பெரியவர்களுக்குத்தான். இது நம்பக்கூடியதே. பொம்மையின் கையைப் பிய்ப்பதும் தலையைத் திருகுவதும் மறுபடி ஒட்டுவதும் குழந்தைக்கு அன்றாட விளையாட்டு. செத்துப் பிழைக்கிற பொம்மை அதற்குப் புதிதல்ல.

கியெர்மோ டெல் டோரோ 2022இல் எடுத்த ‘பினோக்கியோ’ இதையே கதையாக்கியது. முசோலினி காலத்து இத்தாலியில் அந்த மரப்பையன் திரும்பத் திரும்பச் சாகிறான். ஒவ்வொரு தடவையும் மறு உலகத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கும் கறுப்பு முயல்கள் அவனைச் சலிப்போடு வரவேற்கின்றன. மணல் கடிகாரம் தீரும்வரை காத்திருந்து திரும்பி வருகிறான். குள்ளமாக, கோமாளி மாதிரி வரும் முசோலினியின் முன்னால் மலத்தைப் பற்றிப் பாட்டுப் பாடிக் கேலி செய்கிறான். சுட்டுவிடச் சொல்கிறார் அவர். சுடுகிறார்கள். சாகாத பையன் என்றதும் பாசிஸ்டு அதிகாரிக்கு அவன் மேல் ஆசை வருகிறது: எவ்வளவு நல்ல சிப்பாய் ஆவான்! மரத்துக்கு உயிர் வந்த கதையில், மனிதர்களை மரமாக்கப் பார்க்கிறது ஓர் அரசு. அங்கே சிரிப்பு எங்கே முடிகிறது, பயம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: வண்டுகளின் 13 நிமிடப் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், மொழியும் தேவையில்லை. அடுத்து ‘கை’. பென்குயினை யாரோடு வேண்டுமானாலும் பார்க்கலாம். ‘மேரி அண்ட் மேக்ஸ்’ பார்ப்பதற்கு ஓர் இரவை ஒதுக்கி வையுங்கள். முடிந்ததும் யாருக்காவது போன் பண்ணத் தோன்றும். டைனோசர் வேலை பறிபோன ஃபில் டிப்பெட், பல வருடம் கிடப்பில் போட்டும் எடுத்தும் ஒருவழியாக 2021இல் முடித்த ‘மேட் காட்’ என்று ஒரு படம் இருக்கிறது. வசனமே கிட்டத்தட்ட இல்லாத நரகப் பயணம் அது, சிரிப்பும் மிகக் கறுப்பு. அதை மட்டும் சாப்பிடுகிற நேரத்தில் போட வேண்டாம்.